மேஸ்திரியின் நாற்காலியும் மனிதவளப் பட்டமும்: ராஜபாளையத்திலிருந்து ஒரு பார்வை

ஒவ்வோர் ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியானதும் ராஜபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் வீடுதோறும் ஒரே கேள்வி எழுகிறது: அடுத்து என்ன படிக்கலாம்? வணிகவியல் பிரிவில் படித்தவர்களுக்கு பி.காம்., பி.பி.ஏ. ஆகிய இரண்டும் முதலில் நினைவுக்கு வருகின்றன. மூன்றாண்டுகள் கழித்து, அவர்களில் ஒரு பகுதியினர் மனிதவள மேலாண்மையைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட எம்.பி.ஏ. படிப்புக்குச் செல்கின்றனர். அவர்களில் தலித் மாணவர்களும், குறிப்பாக மாணவிகளும் இருக்கின்றனர். தாய் தீப்பெட்டி ஆலையிலோ நூற்பாலையிலோ உழைத்த வீட்டிலிருந்து, ஆலையின் அலுவலக அறைக்குள் செல்ல விரும்பும் முதல் தலைமுறை இது.

இந்த விருப்பத்தை வெறும் சம்பளக் கணக்காகச் சுருக்கிவிட முடியாது. ஆலைக்குள் யார் நுழையலாம், யார் எந்தப் பிரிவில் வேலை செய்யலாம், யார் வெளியேற்றப்படலாம் என்று முடிவு செய்யும் நாற்காலி அது. அந்த நாற்காலியை நோக்கி நம் பிள்ளைகள் நடக்கத் தொடங்கியிருக்கும்போது, வழியில் இருக்கும் தடைகளையும், அமர்ந்த பிறகு காத்திருக்கும் சங்கடங்களையும் நாம் வெளிப்படையாகப் பேசியாக வேண்டும்.

தனித்தொகுதி உண்டு, தனியார் ஆலையில் இடம்?

ராஜபாளையம் ஆலை நகரம். 1936இல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கப்பட்ட காலந்தொட்டு பஞ்சும் நூலும் இந்நகரின் வாழ்வை நடத்துகின்றன. சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்யப்படுகிறது. தளவாய்புரத்தில் நைட்டி தைக்கப்பட்டு மாநிலம் கடந்து செல்கிறது. திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கிருஷ்ணன்கோவிலில் நிகர்நிலைப் பல்கலைக்கழகமும், ராஜபாளையத்தில் மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆளுகையிலுள்ள கல்லூரிகளும் உள்ளன. மேலாண்மை படிப்பதற்கு இடமும், படித்ததைச் செய்து பார்ப்பதற்குத் தொழிலும் இந்த வட்டாரத்திலேயே இருக்கின்றன.

அரசியல் வரைபடத்திலும் தலித் மக்களுக்கு இங்கு இடமுண்டு. தென்காசி நாடாளுமன்றத் தொகுதி தனித்தொகுதி. அதற்குள் அடங்கும் திருவில்லிபுத்தூர் 2011 தேர்தல் முதல் தனித்தொகுதி. அதற்கு முன்பு ராஜபாளையம் தனித்தொகுதியாக இருந்தது. ஆனால் வாக்குச்சாவடியில் கிடைத்த இடம் ஆலை அலுவலகத்தில் கிடைத்துவிடவில்லை. அரசுப் பணியிலும் கல்வியிலும் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு, அதற்குள் 2009 சட்டப்படி அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு என்று சட்டம் சொல்கிறது. தனியார் நிறுவனத்தின் வாயிற்கதவில் அந்தச் சட்டம் நின்றுவிடுகிறது. மேலாண்மைப் பட்டதாரிகளுக்கான வேலைகளில் பெரும்பகுதி அந்தக் கதவுக்கு உட்புறத்தில்தான் இருக்கிறது.

இந்த மண்ணின் நினைவையும் மறந்துவிட முடியாது. 1997 மே மாதத்தில், விருதுநகர் மாவட்டத்துக்கான அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயர் சூட்டப்பட்டபோது, அந்தப் பெயர் தாங்கிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று ஆதிக்கச் சாதியினர் எதிர்த்தனர். மோதல்கள் பரவின. ஊர்கள் எரிந்தன. அதே ஆண்டு சூலையில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை அரசு நீக்கியது. ஒரு நிறுவனத்தின் பெயர்ப்பலகையில் தலித் வீரர் ஒருவரின் பெயரையே தாங்கிக்கொள்ள முடியாத சமூகம், அந்நிறுவனத்தின் மேலாளர் இருக்கையில் ஒரு தலித்தை எளிதில் ஏற்றுக்கொள்ளும் என்று எதிர்பார்க்க முடியுமா? இருபத்தெட்டு ஆண்டுகளில் நிறையவே மாறியிருக்கலாம். எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை அளந்து பார்க்கும் பொறுப்பு நமக்கு இருக்கிறது.

மனிதவளத் துறை எங்கிருந்து வந்தது?

பாடநூல்கள் மனிதவள மேலாண்மையின் வரலாற்றை டெய்லரின் அறிவியல் மேலாண்மையில் தொடங்கி, எல்டன் மேயோவின் ஹாதார்ன் ஆய்வுகள் வழியாக, மாஸ்லோவின் தேவைப் படிநிலைக்குக் கொண்டு செல்கின்றன. எல்லாமே அமெரிக்கா. இந்தியாவில் இந்தத் துறை பிறந்த கதை வேறு. அது பஞ்சாலைகளில் பிறந்தது. சாதியோடு சேர்ந்தே பிறந்தது.

தொடக்கக்கால ஆலைகளில் ஆள் சேர்த்தவர் மேஸ்திரி. பம்பாயில் அவரை ஜாபர் என்றனர். தன் ஊரிலிருந்தும், தன் உறவிலிருந்தும், தன் சாதியிலிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்தார். வேலை தருவதற்குக் கையூட்டு வாங்கினார். வேலையிலிருந்து நீக்கும் அதிகாரமும் அவரிடமே இருந்தது. இந்த முறையின் கேட்டை ஆராய்ந்த விட்லி தலைமையிலான தொழிலாளர் ஆணையம், 1931இல் அளித்த அறிக்கையில், ஆள் சேர்க்கும் அதிகாரத்தை மேஸ்திரியிடமிருந்து எடுத்து, தனியாகத் தொழிலாளர் அலுவலர்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. பின்னர் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலைகளில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்று தனது 49ஆம் பிரிவில் விதித்தது. இன்றைய எச்.ஆர். மேலாளரின் முன்னோடி இந்த அலுவலர்தான். மேஸ்திரியின் சாதி வலையை அறுப்பதும் அவரது பிறப்புக் காரணங்களுள் ஒன்று.

இதற்கு முன்பே பிரச்சினையின் ஆழத்தை அண்ணல் அம்பேத்கர் சுட்டிக்காட்டியிருந்தார். பம்பாய்ப் பஞ்சாலைகளில் கூலி அதிகமுள்ள நெசவுப் பிரிவில் தீண்டப்படாதார் சேர்க்கப்படவில்லை. நாடாவில் நூலை வாயால் உறிஞ்சிக் கோக்க வேண்டியிருந்ததால், அவர்கள் வாய் வைத்த நாடாவைத் தாங்கள் தொட முடியாது என்று சாதி இந்துத் தொழிலாளர்கள் மறுத்தனர். 1928ஆம் ஆண்டின் மாபெரும் வேலைநிறுத்தத்தின்போது இந்த விலக்கலையும் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று அம்பேத்கர் வலியுறுத்தினார். தொழிற்சங்கமும் முதலாளியும் ஒருசேரக் காண மறுத்த ஒன்றை அவர் மேசைமேல் வைத்தார். பஞ்சாலை நகரமொன்றில் மனிதவளம் படிக்கும் மாணவருக்கு ஹாதார்ன் ஆலையைவிட இந்த நாடாவின் கதை நெருக்கமானது. பாடத்திட்டத்தில்தான் அதற்கு இடமில்லை.

ஊர் எது, தெரு எது?

மேஸ்திரி போய்விட்டார். அவரது முறை போய்விட்டதா?

இன்றைய நிறுவனங்கள் வேலையில் இருப்பவர்களின் பரிந்துரையின் பேரில் ஆள் எடுப்பதை ஒரு நல்ல உத்தியாகக் கருதுகின்றன. செலவு குறைவு, நம்பகம் அதிகம் என்று வகுப்பறையிலும் கற்பிக்கப்படுகிறது. ஏற்கெனவே ஒரு சாதியினர் நிறைந்த அலுவலகத்தில் பரிந்துரை யாரிடமிருந்து வரும், யாருக்காக வரும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மேஸ்திரியின் உறவு வலை மின்னஞ்சலுக்கு மாறியிருக்கிறது, அவ்வளவே.

தமிழ்நாட்டில் நாம் பெயருக்குப் பின்னால் சாதியைச் சேர்ப்பதில்லை. திராவிட இயக்கத்தின் அந்த வெற்றி பெருமைக்குரியது. ஆயினும் நேர்காணல் அறையில் அது பாதிப் பாதுகாப்பைத்தான் தருகிறது. பெயர் சொல்லாததை மற்ற கேள்விகள் சொல்லிவிடுகின்றன. எந்த ஊர்? ஊரில் எந்தப் பக்கம்? அப்பா என்ன செய்கிறார்? எந்தப் பள்ளியில் படித்தீர்கள்? சான்றிதழில் ஆதிதிராவிடர் நலப் பள்ளி என்று அச்சிட்டிருந்தால் அடுத்த கேள்விக்கே தேவையில்லை. முகவரியில் 'காலனி' என்று இருந்தாலும் அப்படியே. அச்சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார். வரவேற்க வேண்டிய முடிவு அது. ஆனால் முகவரியைத் திருத்துவது அரசின் கையில் இருக்கிறது. முகவரியைக் கேட்பவரின் மனம் அரசின் கையில் இல்லை.

இது நம் மனப்பிரமை அல்ல. சுகதேவ் தோரட், பால் அட்டவெல் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. தகுதி ஒன்றுதான், பெயர் மட்டுமே வேறு. உயர்சாதிப் பெயர்களோடு ஒப்பிடுகையில் தலித் பெயர்களுக்கு அழைப்பு வருவதற்கான வாய்ப்பு விகிதம் 0.67 ஆகவும், முஸ்லிம் பெயர்களுக்கு 0.33 ஆகவும் இருந்தது. அதே ஆண்டில் வெளியான ஓர் ஆய்வுக்காகச் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் 25 நிறுவனங்களின் மனிதவள மேலாளர்களைச் சந்தித்துப் பேசினர். தகுதி ஒன்றையே பார்ப்பதாகச் சொன்ன அந்த மேலாளர்கள், நேர்காணலில் குடும்பப் பின்னணி குறித்த கேள்வி இன்றியமையாதது என்றும் கூறினர். தகுதியும் குடும்பமும் அவர்கள் மனத்தில் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. 2012இல் வெளியான மற்றோர் ஆய்வு, 1,000 இந்திய நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களை ஆராய்ந்தது. உறுப்பினர்களில் சுமார் 93 விழுக்காட்டினர் முற்பட்ட சாதியினர். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் சேர்ந்து 3.5 விழுக்காடு மட்டுமே. இயக்குநர் குழு முதல் நேர்காணல் மேசை வரை ஒரே நிறமாக இருக்கும் அமைப்பில் 'தகுதி' என்ற சொல் நடுநிலையானது என்று எவரும் நம்மிடம் சொல்ல வேண்டாம்.

பாடத்தில் இல்லாத சட்டம்

மனிதவளம் படிக்கும் மாணவர்கள் தொழிலாளர் சட்டங்களைப் படிக்கின்றனர். குறைந்தபட்சக் கூலி, பணிக்கொடை, வருங்கால வைப்பு நிதி ஆகியவை எல்லாம் வருகின்றன. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டமும் இப்போது கற்பிக்கப்படுகிறது. பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில்கூட உள்ளகக் குழு அமைக்க வேண்டும் என்று அது கட்டாயப்படுத்துகிறது. பெண்கள் இயக்கங்கள் போராடிப் பெற்ற அந்த ஏற்பாடு நமக்கும் முன்மாதிரி.

சாதிக்கு அப்படி ஒரு குழு எந்த ஆலையிலும் கட்டாயமில்லை. ஆனால் சட்டமே இல்லை என்று நினைத்தால் அது தவறு. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், தீண்டாமையின் பெயரால் ஒருவரை எந்தத் தொழிலிலிருந்தும் வேலையிலிருந்தும் தடுப்பதைத் தனது நான்காம் பிரிவிலேயே குற்றமாக்கியிருக்கிறது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்யப்பட்ட திருத்தமும், பிறருக்கு உரிமையுள்ள ஒரு வேலையைச் செய்யவிடாமல் பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் தடுப்பதைக் குற்றப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. வேலைவாய்ப்பில் பாகுபாட்டைத் தடுக்கும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 111ஆம் உடன்படிக்கையை இந்தியா 1960இலேயே ஏற்றுக்கொண்டது. மனிதவளப் பாடத்திட்டங்களின் வழக்கமான தொழிலாளர் சட்டப் பட்டியலில் இவை இடம்பெறுவதில்லை. வன்கொடுமை என்றால் ஊரில் நடப்பது, ஆலையில் நடப்பது 'ஒழுங்குப் பிரச்சினை' என்று மாணவர் மனத்தில் ஒரு கோடு விழுந்துவிடுகிறது.

அந்தக் கோட்டின் விளைவை அமெரிக்காவில் பார்த்தோம். சிஸ்கோ நிறுவனத்தில் பணியாற்றிய தலித் பொறியாளர் ஒருவருக்காகக் கலிபோர்னிய அரசுத் துறை 2020 சூனில் வழக்குத் தொடுத்தது. அவர் முறையிட்டபோது, சாதிப் பாகுபாடு சட்டவிரோதமல்ல என்று ஊழியர் உறவுப் பிரிவினர் கூறியதாக வழக்கு மனு குறிப்பிட்டது. தனிப்பட்ட இரு பொறியாளர்கள் மீதான வழக்கு 2023இல் கைவிடப்பட்டது. ஆயினும் வழக்கு எழுப்பிய கேள்வி அதோடு நின்றுவிடவில்லை. ஆப்பிள் நிறுவனம் தன் ஊழியர் நடத்தை விதிகளில் சாதியை வெளிப்படையாகச் சேர்த்தது. சியாட்டில் நகரம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. சாதி பிறந்த நாட்டில், சாதியை எழுத்தில் குறிப்பிடும் நிறுவன விதிகளைத் தேடித்தான் காண வேண்டியிருக்கிறது.

கட்டணம் கட்டும் வரை

இத்தனையும் படித்து முடித்த பிறகு வருவது. படிப்பில் சேரும்போதே முதல் தடை நிற்கிறது. பி.பி.ஏ. போன்ற படிப்புகள் அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் பெரும்பாலும் சுயநிதிப் பிரிவில்தான் நடத்தப்படுகின்றன. ஆண்டு வருமானம் இரண்டரை இலட்சத்துக்குள் இருக்கும் பட்டியல் சாதிக் குடும்பத்து மாணவருக்கு போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகை உண்டு. 2012ஆம் ஆண்டின் அரசாணை 92, சுயநிதிக் கல்லூரிகளிலும் பட்டியல் சாதி, பழங்குடி, மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிட மாணவர்களுக்குக் கட்டண விலக்கு அளித்தது. பின்னர் ஒன்றிய அரசின் பங்கு 60 விழுக்காடாகவும் மாநிலத்தின் பங்கு 40 விழுக்காடாகவும் வகுக்கப்பட்டு, தொகை மாணவரின் வங்கிக் கணக்குக்கே நேரடியாகச் செல்லும்படி மாற்றப்பட்டது.

காகிதத்தில் எல்லாம் சரி. பணம் கல்வியாண்டு முடியும் தறுவாயில் வரும்போது, அதுவரை கல்லூரிக்கு யார் கட்டுவது? முன்பணம் கேட்டு, தேர்வு நுழைவுச் சீட்டையோ சான்றிதழையோ நிறுத்தி வைத்த புகார்கள் மாநிலமெங்கும் எழுந்தன. முன்கட்டணமின்றிச் சேர்வதற்கான ஃப்ரீஷிப் கார்டு முறை கொண்டுவரப்பட்டது. சேர்க்கைக்குச் செல்லும் ஒவ்வொரு மாணவரும் இதைப் பற்றி முதலில் கேட்க வேண்டும். இன்னொன்றையும் கேட்க வேண்டும்: தமக்குத் தரப்படுவது கலந்தாய்வு இடமா, நிர்வாக ஒதுக்கீட்டு இடமா? நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் உதவித்தொகை கிடைக்காது. இந்த ஒரு வரியைத் தெரிந்துகொள்ளாமல் சேர்ந்து, பாதியில் படிப்பை விட நேர்ந்தால், கடன் குடும்பத்தின் தலையில் விழும்.

'வளம்' என்று யாரைச் சொல்கிறோம்?

மேலே சொன்னவை எல்லாம் நாற்காலிக்குச் செல்லும் வழியைப் பற்றியவை. அமர்ந்த பிறகு என்ன செய்வது என்பது இன்னும் கடினமான கேள்வி.

வத்திராயிருப்புக்கு அருகிலுள்ள புதுப்பட்டியில் பிறந்த பாமா, 1994இல் வெளியான 'சங்கதி'யில் தீப்பெட்டி ஆலைக்குச் செல்லும் சிறுமியின் வாழ்வைப் பதிவு செய்தார். பின்னர் நூற்பாலைகள் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில், மூன்றாண்டு உழைத்தால் மொத்தத் தொகை என்று சொல்லி, தென்மாவட்டக் கிராமங்களிலிருந்து இளம்பெண்களைத் திரட்டின. அவர்களில் தலித் பெண்கள் பெருந்தொகையினர். விடுதியைவிட்டு வெளியே செல்லத் தடை, செல்பேசிக்குக் கட்டுப்பாடு, பயிற்சியாளர் என்ற பெயரில் குறைந்த கூலி ஆகியவற்றைப் பல ஆய்வறிக்கைகள் அம்பலப்படுத்தின. அந்த விடுதி விதிகளை எழுதியதும், வருகைப் பதிவேட்டைப் பராமரித்ததும் ஏதோ ஓர் ஆலையின் பணியாளர் பிரிவுதான்.

நகராட்சி, மாநகராட்சித் தூய்மைப் பணியும் இன்று ஆள் வழங்கும் ஒப்பந்த நிறுவனங்களின் கைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்பு தூய்மைப் பணியாளர்கள் இரு மண்டலங்களின் பணி தனியாருக்கு அளிக்கப்பட்டதை எதிர்த்து அமர்ந்தனர். நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. தலைமுறைகளாகச் சாதியின் பெயரால் இந்த வேலையில் தள்ளப்பட்ட மக்கள், இப்போது ஒப்பந்த நிறுவனத்தின் பட்டியலில் 'மனிதவளம்' ஆகின்றனர். நிரந்தரப் பணிக்கான உரிமை அந்தப் பட்டியலில் ஏறுவதில்லை.

நம் வீட்டுப் பெண் எம்.பி.ஏ. முடித்து ஓர் ஆலையில் சேர்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். விடுதிப் பெண்ணின் விடுப்பு விண்ணப்பம் அவள் மேசைக்கு வருகிறது. அந்தப் பெண் அவள் தெருவைச் சேர்ந்தவளாகவே இருக்கக்கூடும். நிர்வாகம் மறுக்கச் சொல்கிறது. இவள் மறுத்தால் நிர்வாகத்துக்கு இருமடங்கு ஆதாயம்: 'உங்கள் ஆள்தானே சொன்னார்' என்று கைகழுவலாம். மறுக்காவிட்டால் இவளது வேலைக்கே ஆபத்து. பிரதிநிதித்துவம் மட்டுமே போதும் என்று சொல்வோர் இந்த மேசையின் முன் ஒரு நாள் அமர்ந்து பார்க்க வேண்டும். தனியாக அமரும் ஒருவரால் முறையை மாற்ற முடியாது. அவருக்குப் பின்னால் விதியும், சட்டமும், சங்கமும் இருக்க வேண்டும்.

அதற்காக அந்த நாற்காலியே வேண்டாம் என்றும் நாம் சொல்லவில்லை. அம்பேத்கரே 1918இல் பம்பாய் சிடன்ஹாம் வணிகக் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியராகச் சேர்ந்தவர். ஆசிரியர் அறையின் தண்ணீர்ப் பானையை அவர் பயன்படுத்துவதற்குச் சக ஆசிரியர்கள் எதிர்ப்புக் காட்டினர். அவர் பாடம் நடத்தினார், தண்ணீருக்கான போராட்டத்தையும் பின்னர் மகாடில் நடத்தினார். 1942இல் வைசிராய் அவையின் தொழிலாளர் உறுப்பினராகி, வேலை நேரத்தைக் குறைக்கும் சட்டத்திருத்தத்துக்கு வழிவகுத்தார். வகுப்பறை, போராட்டக் களம், அதிகார நாற்காலி ஆகிய மூன்றையும் அவர் ஒன்றுக்கொன்று எதிரானவையாகக் கருதவில்லை.

இப்போது செய்ய வேண்டியவை

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வருவதாக ஒன்றிய அரசு அறிவித்தது. தொழிலாளர் அமைப்புகள் அவற்றை எதிர்ப்பதற்குப் போதிய காரணங்கள் உள்ளன. நிலையாணைகள் கட்டாயமாகும் வரம்பு 100 தொழிலாளரிலிருந்து 300 ஆக உயர்த்தப்பட்டிருக்கிறது. சத்திரப்பட்டி போன்ற ஊர்களின் சிறு கூடங்கள் அந்த வரம்புக்கு அருகில்கூட வாரா. ஊதியத் தொகுப்பு பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்கிறது, சாதியைப் பற்றிப் பேசவில்லை. அதே வேளையில், நல அலுவலர் கட்டாயமாகும் வரம்பு 500இலிருந்து 250 ஆகக் குறைக்கப்பட்டிருக்கிறது. நூற்பாலைகள் நிறைந்த நம் பகுதியில் இதனால் புதிய பணியிடங்கள் உருவாகலாம். எல்லா எம்.பி.ஏ. பட்டங்களும் நல அலுவலர் பணிக்குத் தானாகத் தகுதி அளித்துவிடுவதில்லை. அரசு ஏற்றுக்கொண்ட படிப்பாக இருக்க வேண்டும். சென்னையில் அரசு நடத்தும் தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையம் இதற்கான பட்டப்படிப்புகளையும் பட்டயங்களையும் வழங்குகிறது. நம் மாணவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

சொந்தத் தொழில் தொடங்க விரும்புவோருக்கு, 2023இல் தமிழ்நாடு அரசு அறிவித்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 விழுக்காடு மூலதன மானியத்தை ஒன்றரைக் கோடி ரூபாய் வரை வழங்குகிறது. ஒன்றிய அரசு நிறுவனங்களின் கொள்முதலில் 4 விழுக்காடு பட்டியல் சாதி, பழங்குடியினரின் சிறு தொழில்களிலிருந்து இருக்க வேண்டும் என்பது 2012 முதல் விதி. பேண்டேஜ் துணியை அரசு மருத்துவமனைகள் வாங்கும் நாட்டில், அதை நெய்யும் ஊருக்குப் பக்கத்தில் வாழும் தலித் பட்டதாரிகள் ஏன் அதன் உற்பத்தியாளர்களாக ஆகக் கூடாது?

கோரிக்கைகளையும் நாம் தெளிவாக முன்வைக்க வேண்டும். தனியார் துறையில் இடஒதுக்கீடு வேண்டும். அதுவரை, அரசின் நிலமும் மானியமும் பெறும் நிறுவனங்கள் தம் பணியாளர்களின் சமூகப் பகுப்பை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். பாலியல் துன்புறுத்தலுக்கு உள்ளகக் குழு இருப்பதுபோல் சாதிப் பாகுபாட்டை விசாரிக்கவும் குழு வேண்டும். குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் மனிதவளப் பாடத்திட்டத்தில் சேர வேண்டும். நேர்காணலில் குடும்பப் பின்னணியைக் கேட்பதற்குத் தடை வேண்டும்.

பாடத்திட்டம் மாறும்வரை மாணவர்கள் காத்திருக்கத் தேவையில்லை. ஒவ்வொரு மேலாண்மை மாணவரும் இறுதிப் பருவத்தில் திட்ட அறிக்கை ஒன்றை எழுதுகிறார். 'ஊழியர் மனநிறைவு' பற்றி அச்சடித்த கேள்வித்தாளை நிரப்பி, ஆண்டுதோறும் ஒரே அறிக்கையைப் பிரதி எடுப்பது வழக்கமாகிவிட்டது. அதற்குப் பதிலாக, ஓர் ஆலையில் எந்தப் பிரிவில் எந்தத் தெருக்காரர்கள் வேலை செய்கின்றனர், யார் பரிந்துரையில் வந்தனர், யார் மேற்பார்வையாளர் ஆயினர், யார் இருபது ஆண்டுகளாக அதே இடத்தில் நிற்கின்றனர் என்று ஒரு மாணவர் கணக்கெடுக்கலாம். ராஜபாளையத்துக்கும் திருவில்லிபுத்தூருக்கும் இடைப்பட்ட இந்தச் சிறு வட்டாரத்தில் பத்து மாணவர்கள் இதைச் செய்தாலே, இதுவரை யாரிடமும் இல்லாத ஒரு ஆவணம் நம் கையில் இருக்கும். அடுத்த முறை தகுதியைப் பற்றி நமக்குப் பாடம் எடுக்க வருவோரிடம் அதை எடுத்து நீட்டலாம்.